நம் ஊர் தந்த முதலமைச்சர் பூ. ச. குமாரசுவாமி ராஜா



விழா மலர் என்றால் ஆயர்களையும், அடிக்கல் நாட்டிய குருக்களையும், மணி கொடுத்தவர்களையும், தேர் கொடுத்தவர்களையும் நினைவுகூர்வது வழக்கம். அந்தப் பக்கங்கள் இம்மலரிலும் குறைவின்றி இடம்பெற்றுள்ளன. நமது பங்கைச் சாராத, நமது சமயத்தையும் சாராத, ஆனால் நாம் வாழும் இம்மண்ணைச் சார்ந்த ஒரு பெருமகனாரைப் பற்றியும் சில பக்கங்கள் எழுத விரும்பினோம். அவர் இராசபாளையத்தில் பிறந்து, சென்னை இராச்சியத்தின் முதலமைச்சராய் உயர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா அவர்கள்.

ஏன் இவரை என்று கேட்கலாம். அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்கிவரும் நீர், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தங்கி, ஊர் மக்களின் தாகம் தீர்க்கிறது. ஒரே மலை நீரைக் குடிக்கும் நாம், தேர்தல் வந்துவிட்டால் தெருவுக்கு ஒரு கொடி, வீட்டுக்கு ஒரு கட்சி என்று பிரிந்து நிற்கிறோம். பிரிந்து நிற்பது குற்றமன்று. கருத்து வேறுபாடு இல்லாத ஊர் இடுகாடு ஒன்றுதான். ஆனால் அண்ணன் தம்பி வீட்டுத் திருமணத்திற்குப் போகாதிருப்பதும், பூசை முடிந்து வெளியே வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கைப்பேசியில் வரும் வசைகளை ஊரெங்கும் அனுப்பி மகிழ்வதும் நம்மிடையே பெருகிவிட்டன. குமாரசுவாமி ராஜா ஆண்ட 3 ஆண்டுகள் இதைவிடக் கடுமையான பிளவின் ஆண்டுகள். அப்பிளவில் அவர் சரியாக நடந்த இடமும் உண்டு. அவரது அரசு தவறிய இடமும் உண்டு. இரண்டையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை வெறும் புகழுரையாகிவிடும்.

அன்னார் 1898-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் இராசபாளையத்தில் பிறந்தார். அப்போது நம் பகுதி திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-ல்தான் இராமநாதபுரம் ஜில்லா ஏற்பட்டது. பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்தார். மூன்று வயதில் தந்தையும் போனார். வளர்த்தவர் பாட்டியே. வீட்டில் பேசிய மொழி தெலுங்கு. தெருவிலும் பள்ளியிலும் பேசிய மொழி தமிழ். இராசபாளையத்து ராஜுக்கள் பல தலைமுறைகளாக இவ்வாறே இருமொழியில் வாழ்ந்து வருவது நாம் அறிந்ததே. இந்தச் சிறு செய்தியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது பெரிய செய்தியாகப் போகிறது.

அன்னி பெசன்ட் அம்மையார், தீரர் சத்தியமூர்த்தி ஆகியோரின் சொல்லும் செயலும் அவரைப் பொதுவாழ்வின்பால் ஈர்த்தன. காந்தியடிகள் அவரை முழுமையாக ஆட்கொண்டார். கதர் உடுத்தார், காங்கிரஸ் பணியில் இறங்கினார், சிறையும் கண்டார். 1934-ல் மத்திய சட்டசபைக்கும், 1937-ல் சென்னைச் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எளிமையானவர், நாணயமானவர் என்ற பெயர் மட்டும் அவரோடு என்றும் இருந்தது.

அக்காலத்துச் சென்னை மாகாணக் காங்கிரசில் கோஷ்டிகளுக்குப் பஞ்சமில்லை. இராஜாஜியைச் சார்ந்தோர் ஒருபுறம், காமராஜரைச் சார்ந்தோர் ஒருபுறம், ஆந்திரர்களில் பிரகாசம் பக்கம், பட்டாபி பக்கம் என்று இருவகையினர். 1946-ல் பிரதமரான (மாகாண முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறுதான் அழைத்தனர்) பிரகாசம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. அவருக்குப்பின் வந்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தமது நேர்மைக்காகவே பகைவர்களைத் தேடிக்கொண்டு, இரண்டாண்டில் விலகினார். 1949 ஏப்ரலில், காமராஜரின் ஆதரவோடு, குமாரசுவாமி ராஜா அப்பதவியில் அமர்ந்தார். சண்டைக்காரர்கள் நடுவே சண்டை பிடிக்காத ஒருவர் தேவைப்பட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, குடியரசு இந்தியாவில் சென்னை இராச்சியத்தின் முதல் முதலமைச்சர் என்ற சிறப்பும் நம் ஊராருக்கே கிடைத்தது. அரசு முத்திரையில் கோபுரம் இடம்பெற்றதும் 1949-ல்தான். அது திருவில்லிபுத்தூர்க் கோபுரமே என்று நம் பக்கத்தார் பெருமையோடு சொல்வார்கள். வரைந்த ஓவியர் மதுரை மேற்குக் கோபுரத்தைத்தான் வரைந்தார் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை.

சென்னை இராச்சியம் அன்று எவ்வளவு பெரிது என்பதை இளைஞர்கள் அறியமாட்டார்கள். கஞ்சம் எல்லையருகே தொடங்கிக் கன்னியாகுமரிக்கு அருகில் திருவிதாங்கூர் எல்லைவரை. மேற்கே மலபாரும் தென்கன்னடமும். தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஒரே சட்டசபையில் ஒலித்தன. ஆந்திரர்கள் தங்களுக்கென்று தனி மாநிலம் கேட்டனர். அது நியாயமே. ஆனால் சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியில் இரு தரப்பும் கொதித்தன.

1949-ல் இதை ஆராய ஒரு பிரிவினைக் குழு அமைந்தது. அதன் தலைவர் குமாரசுவாமி ராஜாவே. வீட்டில் தெலுங்கும் ஊரில் தமிழும் பேசிய ஒருவர் தலைமை தாங்க, பிரகாசம், கோபால ரெட்டி, சஞ்சீவ ரெட்டி முதலிய ஆந்திரத் தலைவர்களும், பக்தவத்சலம், மாதவ மேனன் போன்றவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தனர். பெரும்பாலான செய்திகளில் உடன்பாடும் ஏற்பட்டது. சென்னை நகரத்தை விட்டுக்கொடுக்கப் பிரகாசம் மட்டும் இணங்கவில்லை. தம் மறுப்பைத் தனிக் குறிப்பாக எழுதிக் கொடுத்தார். அந்த ஒன்றினால் காரியம் நின்றுபோனது.

பேசித் தீராததால் என்ன நேர்ந்தது? 1951-ல் சுவாமி சீதாராம் 35 நாள் உண்ணாநோன்பு இருந்தார். வினோபாவின் வேண்டுகோளால் அது முடிந்தது. 1952-ல் பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் நோன்பு தொடங்கி, 58 நாள் கழித்து டிசம்பர் 15-ல் உயிர் துறந்தார். ஆந்திரப் பகுதியில் இரயில் நிலையங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் தமிழரிடமே இருந்தது. 1949-ல் அந்த மேசையில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முடிவும் ஏறக்குறைய இதுவே. இடையில் போன உயிர்களுக்குக் கணக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. குமாரசுவாமி ராஜா அந்த மேசையில் வெற்றி பெறவில்லை. ஆயினும் தம் தாய்மொழிக்காரர் பக்கமும் சாயாமல், தம் ஊர்க்காரர் பக்கமும் சாயாமல், இருவரையும் உட்காரவைத்துப் பேசவைத்தாரே, அதுவே அவர் வாழ்வில் நாம் மிகவும் மதிக்கும் செயல்.

இனி மறுபக்கம்.

1948-ல் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டு கட்சி, ஆயுதப் புரட்சிப் பாதையை ஏற்றுக்கொண்டது. தெலுங்கானாவில் ஏற்கெனவே போர் நடந்துகொண்டிருந்தது. சென்னை இராச்சியத்தில் ஆந்திரப் பகுதியிலும் மலபாரிலும் கொலைகளும் எதிர்க்கொலைகளும் நடந்தன. அரசு அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உலகெங்கும் அதே அச்சம் நிலவியது. 1949 ஜூலையில் உரோமையிலும், கம்யூனிஸ்டுக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுவர் என்ற ஆணை வந்தது. அதே 1949-ல் குமாரசுவாமி ராஜாவின் அரசு கம்யூனிஸ்டு கட்சியைத் தடை செய்தது. நூற்றுக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைபட்டனர்.

1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து பதினாறே நாட்கள். சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்டுக் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மலபார்ப் பகுதி ஏழை விவசாயிகள். சிறைச் சுவருக்குள் இருப்பவன் எங்கே ஓடப்போகிறான்? காந்தியடிகளின் சீடர் தலைமையில் இயங்கிய அரசின் காலத்தில் இது நடந்தது. முதலமைச்சர் நேரே ஆணையிட்டார் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அவருடைய ஆட்சியின் வரலாற்றிலிருந்து இந்த நாளை அழிக்க முடியாது.

பம்பாயில் கிராஸ் ரோட்ஸ் என்றொரு ஆங்கில வார இதழ் வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர், இடதுசாரி. காங்கிரஸ் அரசைக் காரமாகச் சாடும் ஏடு. 1950 மார்ச் முதல் நாள் சென்னை அரசு, பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அவ்விதழ் இந்த இராச்சியத்தில் நுழையக் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. அதே மாதம் 10-ஆம் நாள் மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பைச் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அதன் செயலாளர் வி. ஜி. ராவ் என்ற வழக்கறிஞர்.

இருவரும் கல்லெறியவில்லை, நீதிமன்றம் சென்றனர். தாப்பரின் வழக்கில் 1950 மே 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சென்னை அரசின் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, அவரும் சென்னைக்காரரே. நாட்டின் பாதுகாப்பையே குலைக்கும் பேச்சு வேறு, பொது ஒழுங்கு என்ற பரந்த பெயரால் அடக்கப்படும் பேச்சு வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வி. ஜி. ராவின் வழக்கிலும் சென்னை உயர் நீதிமன்றம் 1950 செப்டம்பரில் அரசுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அரசு விடாமல் உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கும் 1952 மார்ச் 31-ல் தோற்றது. குமாரசுவாமி ராஜா பதவியைவிட்டு இறங்கப் பத்து நாட்களே இருந்த நேரம் அது. இன்றளவும் சட்டம் பயிலும் மாணவர் இவ்விரு வழக்குகளையும் படித்தாக வேண்டும். இரண்டிலும் எதிர்த்தரப்பில் நிற்கும் பெயர் சென்னை அரசு. அதாவது நம் ஊராரின் அரசு.

தில்லி அரசுக்கு இத்தீர்ப்பு கசந்தது. 1951 ஜூனில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பொது ஒழுங்கின் பெயராலும் பேச்சுரிமைக்கு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்றாகிவிட்டது. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசாணை 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராசன் வழக்கில் வீழ்ந்தது அல்லவா? பிற்பட்ட மக்களுக்கான அந்த வாய்ப்புக்குத் திருத்தம் புதிய வழி திறந்தது. அந்த ஆணைக்காகக் கடைசிவரை நீதிமன்றத்தில் வாதாடியது குமாரசுவாமி ராஜாவின் அரசு. தெருவில் கிளர்ச்சி செய்தவர் பெரியார். ஒருவரையொருவர் ஏற்காத இருவர் ஒரு நியாயத்திற்காக ஒரே பக்கம் நின்ற விந்தை இது.

விந்தை என்று ஏன் சொல்கிறோம் என்றால், அதே அரசுதான் 1950 செப்டம்பரில் பெரியாரையும் அண்ணாதுரையையும் அவர்கள் எழுதிய நூல்களுக்காகத் தண்டித்தது. 1949 செப்டம்பரில் இருவரும் பிரிந்து, திராவிட முன்னேற்றக் கழகம் இராயபுரத்தில் பிறந்திருந்தது. பிரிந்த இருவரையும் ஓராண்டுக்குப்பின் ஒரே திருச்சிச் சிறையில் சேர்த்துவைத்த பெருமை காங்கிரஸ் அரசையே சாரும்! அண்ணாதுரைக்கு 700 ரூபாய் அபராதம். கட்ட மறுத்துச் சிறை புகுந்தார். சில நாட்களிலேயே அரசு விடுவித்துவிட்டது. நூலும் பரவிற்று, நூலாசிரியரின் புகழும் வளர்ந்தது. இந்தி எதிர்ப்பில் மட்டும் அரசு சற்று இறங்கிவந்தது; 1950-51 கல்வியாண்டில், இந்தி படிக்க விரும்பாத பிள்ளைகள் அந்நேரத்தில் வேறு பணிகளில் ஈடுபடலாம் என்று விதி தளர்ந்தது.

இங்கே நம் மனத்தில் எழும் கேள்வியை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எளிமையாளர் என்றும் நாணயமானவர் என்றும் பெயர் பெற்ற ஒருவரின் ஆட்சியில் இத்தனை வாய்கள் ஏன் அடைக்கப்பட்டன? நேரில் காணும் மனிதரிடம் பணிவாகப் பேசுவது ஒன்று. நேரில் காணாத, நாம் வெறுக்கும் கருத்தைச் சொல்பவனுக்கும் சொல்ல இடம் விடுவது மற்றொன்று. முதலாவது வளர்ப்பினால் வருகிறது. இரண்டாவது அவ்வளவு எளிதில் வருவதில்லை. நல்லவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். தாம் நல்லவர் என்பதனாலேயே தம்மை எதிர்ப்பவர் தீயவராகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றிவிடுகிறது. தவற்றையும் தவறு செய்பவரையும் பிரித்துக் காணவேண்டும் என்று திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் தமது சுற்றுமடலில் கற்பித்தது 1963-ல். 1949-ல் எந்த முகாமிலும் அப்படிப் பார்த்தவர் சிலரே. ஆயுதம் ஏந்திய கம்யூனிஸ்டுகளும் தங்கள் எதிரிகளை அப்படிப் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1951-ல் பிரகாசம் காங்கிரசைவிட்டே வெளியேறினார். மழை பொய்த்து, அரிசிப் பங்கீட்டுக் கடையில் மக்கள் வரிசையில் நின்ற காலம். நூல் விலை ஏறி, நெசவாளர் தறி நின்றது. அந்நிலையில் முதல் பொதுத்தேர்தல் வந்தது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சின்னம் பார்த்துச் சீட்டுப் போட்டனர்.

முதலமைச்சர் நின்ற தொகுதி திருவில்லிபுத்தூர். அங்கே அவர் தோற்றார்! அவரோடு பக்தவத்சலம், மாதவ மேனன் முதலிய அமைச்சர்களும் தத்தம் தொகுதிகளில் வீழ்ந்தனர். அதே தேர்தலில், அதே திருவில்லிபுத்தூரின் பெயர்தாங்கிய நாடாளுமன்றத் தொகுதியில், அதே காங்கிரசின் காமராஜர், தொழில் மேதை ஜி. டி. நாயுடுவை எதிர்த்து வென்றார். கட்சியின்மேல் உள்ள கோபம் மட்டுமே காரணம் என்றால் காமராஜரும் தோற்றிருக்க வேண்டும். நம் முன்னோர் ஆளைப் பார்த்தும் ஆட்சியைப் பார்த்தும் தனித்தனியே எடை போட்டிருக்கிறார்கள். சொந்த மண்ணில், சொந்தச் சனங்களே கைவிட்ட வருத்தம் எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு 1952 ஏப்ரலில் பதவியை ஒப்படைத்தார்.

375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. மதுரையில் பி. இராமமூர்த்தி சிறையிலிருந்தபடியே வென்றார். தடை செய்து, அடைத்து, சுட்டு, ஏட்டை மறித்து ஒழித்துவிடலாம் என்று எண்ணிய கட்சி, மிகப்பெரிய எதிர்க்கட்சியாய்ச் சபைக்குள் வந்து அமர்ந்தது. மேலவை உறுப்பினராய் வந்து முதல்வரான இராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தமக்கு முதல் எதிரி என்று சபையில் வெளிப்படையாகவே அறிவித்தார். அவர்களும் சளைக்காமல் பதில் அளித்தனர். 1952 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் 200-க்கு 151 என்ற கணக்கில் இராஜாஜி வென்றார். பகை தீரவில்லை, ஆனால் சிறைக் கொட்டடியில் நடந்த சண்டை சபை நடுவே வந்துவிட்டது. எண்ணிக்கை முடிந்ததும் இரு தரப்பும் எழுந்து வீட்டுக்குப் போயினர். ஒருவரும் சாகவில்லை. சேலத்தை நினைத்துப் பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய மாற்றம்!

குமாரசுவாமி ராஜா 1954 பிப்ரவரியில் அந்நாளைய ஒரிசாவின் ஆளுநரானார். கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்ட அப்பணி அவருடைய இயல்புக்குப் பொருந்தியது என்று கருதுகிறோம். அங்கும் அமைதி நீடிக்கவில்லை. 1956 ஜனவரியில், மாநிலச் சீரமைப்பில் செராய்கெலா, கர்சவான் பகுதிகள் ஒரிசாவுக்குக் கிடைக்கவில்லை என்று கட்டாக்கிலும் புரியிலும் பெருங்கலவரம் மூண்டது. சென்னையில் மேசையருகே கண்ட அதே மொழிக் கொதிப்பை, ஆளுநர் மாளிகையிலிருந்து மீண்டும் காண நேர்ந்தது. உடல் நலிவுற்று அவ்வாண்டு செப்டம்பரில் பதவி விலகினார்.

இராசபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்திற்குக் கொடுத்துவிட்டவர் அவர். தம்மைத் தோற்கடித்த தொகுதியின் மக்களும் உள்ளே வந்து அமர்ந்து இசையும் சொற்பொழிவும் கேட்க அந்த வீடு திறந்தது. முதலமைச்சராய் இருந்தவர் பிள்ளைகளுக்கு மாளிகை விட்டுச் செல்வதைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்துவிட்ட நமக்கு, இது சற்றே வியப்பாகவும் இருக்கும்.

1957 மார்ச் மாதத்தில், 58-ஆம் வயதில், அன்னார் காலமானார். அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில், அவருடைய அரசு ஒரு நூலுக்காகச் சிறைக்கு அனுப்பிய அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் வென்று, 14 தோழர்களோடு முதன்முறையாகச் சட்டமன்றத்தில் நுழைந்தார். முதலமைச்சர் நாற்காலியில் காமராஜர் இருந்தார். அவர் அருகே அமைச்சராய் அமர்ந்திருந்தவர் சி. சுப்பிரமணியம், 1954-ல் தலைமைப் போட்டியில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர்.